புதுக்கோட்டைச் சீமையைச் சைக்கிளில் சுற்றுவது எப்படி

அன்னவாசல் போகும் வழியில் தண்ணீர் குடிக்க ஒரு குளத்தங்கரையில் சைக்கிளை நிறுத்தினேன். குளத்துக்குள் இரண்டு கல்தூண்கள், இரண்டையும் இணைத்துக் குறுக்கே பலகைக் கற்கள், உச்சியில் ஒரு மீன்கொத்தி. அதே சாலையில் பேருந்தில் ஐந்தாறு முறை போயிருக்கிறேன், ஒருநாளும் அது கண்ணில் பட்டதில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அது என்னவென்று கேட்டேன். "குமிழிப்பா அது. அந்தக் காலத்து மடை" என்றார்.

குமிழித் தூம்பு. அந்தத் தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி இருக்கும், அதன் மூடியில் ஒரு துளை, பக்கவாட்டில் தரையை ஒட்டிச் சில சிறு துளைகள். மூடியில் உள்ள நீரோடித் துளையின் அடைப்பைத் தூக்கினால் மேலிருந்து தெளிந்த தண்ணீர் இறங்கும், கீழே உள்ள சேறோடித் துளைகள் வழியாக அடியில் தங்கிய வண்டல் கலங்கி வரும், இரண்டும் சேர்ந்து கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாக வயலுக்குப் போய்விடும். குளத்தில் தண்ணீரும் நிற்கும், தூரும் தானாகக் குறையும். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தூம்புகளெல்லாம் இந்த மாவட்டத்துக் குளங்களில் நிற்கின்றன, சில தூண்களில் செய்து கொடுத்தவர் பெயரும் வெட்டியிருக்கும். டிக்கெட் கிடையாது, பலகை கிடையாது, காரில் போனால் தெரியவும் தெரியாது. புதுக்கோட்டையைச் சைக்கிளில் பாருங்கள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வதற்கு இதுதான் காரணம். சித்தன்னவாசலும் கொடும்பாளூரும் எல்லோரும் போகிற இடங்கள், ஆனால் அவற்றுக்கு நடுவில் கிடக்கிற பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் இந்தச் சீமை.

சரி, எப்படிப் போவது என்று பார்ப்போம்.

எந்த மாதம்

மார்கழி பாதியிலிருந்து மாசி வரை. மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், பாறை சுடாது. ஐப்பசி, கார்த்திகையில் நாடு பச்சையாக அழகாக இருந்தாலும் செம்மண் பாதைகள் சேறாகி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு வண்டியை உருள விடாது. சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம். இங்கே பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி மொட்டைப் பாறைமேல் இருக்கிறது, அந்த வெயிலில் காலை பத்து மணிக்குமேல் பாறையில் கால் வைக்க முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மேற்கு நோக்கிச் சைக்கிள் மிதித்தவருக்குத்தான் முழுசாகப் புரியும். ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து எதிர்காற்று அப்படி அடிக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் எல்லாமே புதுக்கோட்டை நகரத்துக்கு மேற்கிலும் வடமேற்கிலும்தான் இருக்கின்றன. காலையில் மேற்கே போனால் சூரியன் முதுகில், மாலையில் கிழக்கே திரும்பினாலும் சூரியன் முதுகில். உங்களுக்குக் கண் கூசாது, ஆனால் எதிரே வருகிற லாரி ஓட்டுநருக்கு வெயில் கண்ணில் அடிக்கும், நீங்கள் தெரியாமல் போகலாம்.

வண்டி

விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. மேடு பள்ளம் உண்டு, ஆனால் மூச்சு முட்டுகிற ஏற்றம் எதுவும் இல்லை. கியர் இல்லாத சாதாரண வண்டியே போதும். கியர் இருந்தால் எதிர்காற்றில் உதவும், அவ்வளவுதான். டயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ரேஸ் வண்டியின் மெல்லிய டயர் இங்கே ஒத்துவராது, 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். கிராமச் சாலைகளின் ஓரத்தில் ஜல்லி பெயர்ந்து கிடக்கும், கோயிலுக்குப் போகும் கடைசி அரை கிலோமீட்டர் பல இடங்களில் மண்பாதைதான்.

அடுத்தது முள். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பயணத்தைக் கெடுப்பது தூரமோ வெயிலோ இல்லை, சீமைக் கருவேல முள்தான். முதல் பயணத்தில் நான் நிழலாக இருக்கிறதே என்று ஒரு கருவேல மரத்தடியில் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் உட்கார்ந்தேன். அன்றைக்கு மூன்று முறை பஞ்சர். மூன்றாவது முறை கடைக்காரர் டியூபை விட்டுவிட்டு டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றிலும் தடவினார். துணி சிக்கிய இடத்திலிருந்து அரிசி நீளத்துக்கு ஒரு முள் முனையைப் பிடுங்கிக் காட்டி, "இதை எடுக்காம எத்தனை டியூப் மாத்தினாலும் இதே கதைதான் தம்பி. அந்த மரத்தடியில இனிமே நிறுத்தாதீங்க" என்றார். அன்றிலிருந்து நிறுத்தும்போது புளியமரமோ வேப்பமரமோ பார்த்துத்தான் நிறுத்துகிறேன். கட்டாந்தரையில் நெருஞ்சி படர்ந்திருந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மாலையும் இரண்டு டயரையும் மெல்லச் சுற்றிவிட்டு, குத்தியிருக்கும் முள்ளைப் பிடுங்கிவிடுங்கள். பாதி முட்கள் அன்று டயரில் ஏறி, மறுநாள் ஓட்டத்தில்தான் டியூபைத் தொடும்.

வால்வும் முக்கியம். மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற தடித்த வால்வு உள்ள டியூப் போடுங்கள். இப்போது கிராமத்துப் பஞ்சர் கடைகள் பெரும்பாலும் இருசக்கர வாகனங்களுக்கானவை, அந்தக் காற்றுக் குழாய் அதில் நேராகப் பொருந்தும். மெல்லிய வால்வு என்றால் சின்ன அடாப்டர் ஒன்று கையில் இருக்க வேண்டும், அது அங்கே கிடைக்காது. இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், டயர் நெம்ப இரண்டு நெம்புகோல், கைப்பம்பு, நட்டுகளுக்கேற்ற ஸ்பேனர், ஒரு பழைய பனியன் துணி. இவ்வளவுதான் என் பை. சாமானை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்டுங்கள், முதுகுப்பை வெயிலில் வேர்வையைக் கொட்ட வைக்கும்.

தண்ணீர் மூன்று லிட்டராவது. ஊர் விட்டு ஊர் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் என்றாலும் பாறைக்குமேல் ஏறிவிட்டால் கடை இல்லை. மெடிக்கலில் உப்பு சர்க்கரைப் பொட்டலம் நாலைந்து வாங்கி வைத்துக்கொண்டு மதியத்துக்குள் ஒன்றைக் கரைத்துக் குடித்துவிடுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சில்லறை நோட்டாகக் கொஞ்சம் காசும் இருக்கட்டும்.

முதல் நாள்: திருச்சியிலிருந்து நார்த்தாமலை வழியாக

வெளியூர்க்காரர்கள் சைக்கிளைத் திருச்சி வரை ரயிலில் கொண்டுவருவதுதான் சுலபம். பெரிய சந்திப்பு, ஏற்றி இறக்க நேரம் இருக்கும். அங்கிருந்து புதுக்கோட்டை சுமார் 53 கிலோமீட்டர், கீரனூர் வழி நேர் சாலை. விடியும்போதே கிளம்புங்கள், நகரத்தைவிட்டு வெளியே வருவதற்குள் போக்குவரத்து கூடிவிடும். நெடுஞ்சாலைதான் என்பதால் வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கமாகவே இருங்கள், பேருந்து ஹாரன் அடித்தால் பதறி வளைக்காமல் நேராகவே போங்கள். கல்லும் ஜல்லியும் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளுக்கு மட்டும் கௌரவம் பார்க்காமல் இறங்கி வழிவிடுங்கள்.

கீரனூர் தாண்டி மேற்கே பிரியும் சாலையில் நார்த்தாமலை. நகரத்தார் மலை என்பதுதான் இப்படி மருவியது, சோழர் காலத்தில் பெரிய வணிகர் ஊர். ஊருக்குள் வண்டியைக் கடையொன்றில் சொல்லி நிறுத்திவிட்டு மேலமலைக்கு நடக்க வேண்டும். வெறும் பாறைச் சரிவு, நல்ல செருப்பு வேண்டும், ஈரமாக இருந்தால் வழுக்கும். ஏறி முடித்ததும் திடீரென்று விஜயாலய சோழீச்சுரம் முழுசாக எதிரே நிற்கும். நான் ஆறேழு முறை போய்விட்டேன், இன்னும் அந்த இடத்தில் கால் தானாக நின்றுவிடுகிறது. 9ஆம் நூற்றாண்டுக் கோயில். பெயரில் விஜயாலயன் இருந்தாலும் கட்டியவர் சாத்தன் பூதி என்கிற முத்தரையர் தலைவர், மழையில் இடிந்து அழிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று வாசலில் துவாரபாலகர் காலடியிலேயே கல்வெட்டு இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். மேற்கே பார்த்த கோயில், சுற்றிலும் சிறு கோயில்கள்.

எதிரே பாறையைக் குடைந்து இரண்டு கோயில்கள். பெரியதில் ஒரே அச்சில் வார்த்ததுபோலப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும். சின்னது பழியிலி ஈச்சுரம். அதைக் குடைந்தவர் சாத்தன் பழியிலி, முன் மண்டபத்தைச் செய்து கொடுத்தவர் அவர் மகள் பழியிலி சிறியநங்கை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் கொடுத்த கொடை என்று தெரிந்து அந்த மேடையில் உட்காருவது வேறு மாதிரி இருக்கும். இந்தக் குடைவரைகள் கிழக்குப் பார்த்தவை, மதியத்துக்குமேல் வாசலில் நிழல் விழும். கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தை வெளியே பாறை நிழலில் சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிகிற வரை அங்கேயே இருங்கள், இலையையும் பொட்டலத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். அங்கிருந்து புதுக்கோட்டை 17 கிலோமீட்டர்தான்.

விடுதி எடுக்கும்போது முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். மாடிப்படிக்கு அடியில் பெரும்பாலும் இடம் தருவார்கள். ராத்திரிக்கு ஒரு முட்டை மாஸ் சொல்லுங்கள், மிதித்த களைப்புக்கு அதைவிட நல்ல சாப்பாடு இந்த ஊரில் இல்லை.

இரண்டாம் நாள்: குடுமியான்மலை, சித்தன்னவாசல்

இதுதான் என் மனதுக்குப் பிடித்த நாள். மொத்தம் 45, 50 கிலோமீட்டர். எல்லோரும் சித்தன்னவாசலுக்கு முதலில் போவார்கள், நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். குடுமியான்மலையில் பூசை நடக்கிற கோயில், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதனால் ஆறு மணிக்குக் கிளம்பி 20 கிலோமீட்டர் மிதித்து முதலில் அங்கே போய்விடுங்கள்.

சிகாநாதர் கோயில் மண்டபத் தூண்களில் உள்ள பெரிய சிற்பங்களைப் பார்த்துவிட்டு, மலையை ஒட்டிய குடைவரைக்கு, அதாவது மேலைக்கோயிலுக்குப் போங்கள். பக்கத்துப் பாறை முகத்தில் கிரந்த எழுத்தில் கட்டம் கட்டமாக வெட்டியிருப்பதுதான் இசைக் கல்வெட்டு. சுமார் 7ஆம் நூற்றாண்டு. ஏழு பண்களுக்கு உரிய சுரக் கோவைகள், பாட்டுப் படிக்கிறவர்களுக்காக எழுதியது. உருத்திராசாரியரின் மாணவரான ஒரு அரசர் செய்தது என்று சொல்கிறதே தவிர அரசர் பெயர் அதில் இல்லை, மகேந்திரவர்மன் என்று பலர் சொல்வது ஊகம்தான். கடைசியில் தமிழில் ஒரு வரி, 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய' என்று. எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் பத்து நிமிஷம் முன்னால் நில்லுங்கள். கல்லை ஈரமாக்கியோ சாக்பீஸ் தேய்த்தோ எழுத்தைத் தெளிவாக்க முயல வேண்டாம், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தானாகத் தெரியும்.

அங்கிருந்து அன்னவாசல் ஏழெட்டுக் கிலோமீட்டர். நான் சொன்ன குளங்கள் இந்தப் பக்கம்தான். வேகமாகப் போகாதீர்கள். தூம்பு மட்டுமில்லை, ஐயனார் கோயில் சுடுமண் குதிரைகள், வயலில் தனியாக நிற்கும் ஒரு சூலக்கல், கரையோரம் பாதி புதைந்த ஒரு நந்தி எல்லாம் இப்படித்தான் கிடைக்கும். எதிரே சைக்கிளில் பெண்கள் நிறைய வருவார்கள். 1991ஐ ஒட்டி அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் இந்த மாவட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். பாவாடை தாவணியிலும் சேலையிலும் கற்றுக்கொண்டவர்கள். அதனாலோ என்னவோ, பெண்கள் தனியாகச் சைக்கிளில் வந்தால் இங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதைவிட நின்று பேசுவதுதான் அதிகம். "எங்கேருந்தும்மா வர்றே, சாப்டியா" என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு, பக்கத்தில் பழைய கல் ஏதாவது இருக்கிறதா அக்கா என்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத இடம் ஒன்று நிச்சயம் கிடைக்கும்.

அன்னவாசலில் மதியச் சாப்பாடு, அப்புறம் ஓய்வு. இரண்டரை மணிக்குமேல் சித்தன்னவாசல். முதலில் ஏழடிப்பாட்டம் என்கிற இயற்கைக் குகைக்கு ஏறுங்கள். மேற்கே ஏறி, உச்சியைக் கடந்து, பாறையில் வெட்டிய சிறு படிகள் வழியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குன்றின் கிழக்குச் சரிவில் இறங்க வேண்டும், அந்தப் பக்கம் அந்த நேரத்தில் நிழலாக இருக்கும். உள்ளே 17 கல்படுக்கைகள், தலையணை மாதிரி மேடு விட்டுச் செதுக்கியவை. சமணத் துறவிகள் படுத்த இடம். ஒன்றில் தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி எழுத்துக் கல்வெட்டு, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது. அங்கிருந்து கீழே பார்த்தால் தென்னையும் குளமுமாகத் தெரியும் அந்த வெளியைத்தான் காலையிலிருந்து மிதித்துக் கடந்து வந்திருப்பீர்கள்.

இறங்கி அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரை. மேற்குப் பார்த்தது, மாலை வெளிச்சம் உள்ளே வரும். விதானத்தில் தாமரைக் குளம், மீன், எருமை, யானை, அன்னம், பூப்பறிக்கும் துறவிகள். தூண்களில் ஆடும் பெண்கள், ஒரு அரசனும் அரசியும். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் 9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு. சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைந்தது, நிறைய உதிர்ந்துவிட்டது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷம் கொடுங்கள், அப்புறம் ஒவ்வொரு தாமரையாகத் தெரியத் தொடங்கும். பிளாஷ் போடாதீர்கள், சுவரில் சாயாதீர்கள், வேர்வைக் கை படவே கூடாது. மிச்சமிருப்பது அவ்வளவுதான். இங்கிருந்து புதுக்கோட்டை சுமார் 15 கிலோமீட்டர், இருட்டுவதற்குள் வந்துவிடலாம். பின்விளக்கு மட்டும் கண்டிப்பாக எரியட்டும்.

மூன்றாம் நாள்: திருமயம்

இது இளைப்பாறும் நாள். தெற்கே 20 கிலோமீட்டர், காரைக்குடி சாலை. 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அருகருகே இரண்டு குடைவரைகள். சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில் பள்ளிகொண்ட உருவம் பாறை அகலத்துக்கு நீண்டு கிடக்கும், அதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மதியம் திரும்பி வந்தால் திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை.

தை முதல் வைகாசி வரை இந்த மாவட்டத்தில் எங்காவது ஜல்லிக்கட்டோ மஞ்சுவிரட்டோ நடந்துகொண்டே இருக்கும். வாடிவாசல் தாண்டிய காளை சாலையில்தான் ஓடிவரும். கூட்டமும் வேன்களும் தென்பட்டால் என்ன என்று விசாரித்துவிட்டு வேறு வழியில் போங்கள், அந்த நேரத்தில் சைக்கிளில் காளைக்கு எதிரே மாட்டிக்கொண்டால் ஆபத்து. நாய்களுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், கொஞ்ச தூரத்தில் தானாக நின்றுவிடும்.

நான்காம் நாள்: கொடும்பாளூர்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாக 40 கிலோமீட்டருக்குமேல். அங்கே பார்த்துவிட்டு அன்றே திருச்சி வரை மிதிப்பது உடம்புக்கு அதிகம். விராலிமலையில் இரவு தங்கி மறுநாள் காலை மீதி 30 கிலோமீட்டரை முடிப்பதுதான் நல்லது, விடிகாலையில் மயில் சத்தத்தோடு எழுந்திருக்கலாம்.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது எதிரே வந்த மறையவர் வழி சொல்கிறார் இல்லையா, கொடும்பை நெடுங்குளத்தங்கரை போனால் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று, அந்தக் கொடும்பைதான் இது. வழி சொல்லக் குளக்கரையை அடையாளம் வைப்பது இங்கே இன்னும் மாறவில்லை.

மூவர் கோயிலில் இப்போது இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் அரசர் தன் பெயரில் ஒன்றும், மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்றும் எடுத்தார். சுற்றிப் பதினைந்து சிறு கோயில்களின் அடித்தளக் கற்கள் தரையோடு தரையாக இருக்கின்றன. முதலில் அவற்றை ஒட்டி ஒரு சுற்று நடந்துவிட்டு அப்புறம் விமானங்களைப் பாருங்கள், எவ்வளவு பெரிய வளாகம் என்பது அப்போதுதான் பிடிபடும். முசுகுந்தேசுவரர் கோயிலும், ஐவர் கோயில் அடித்தளத்தில் உள்ள பெரிய நந்தியும் பக்கத்திலேயே.

விராலிமலையிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலை. வேகமான வண்டிகள், ஆனால் ஓரம் அகலமாக இருக்கும், எட்டு மணிக்குள் நகரத்தைத் தொட்டுவிடப் பாருங்கள். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய் டிக்கெட்டைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். பெடல்களைக் கழற்றி, கேரியரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, செயின் பக்கத்தில் அட்டை வைத்துக் கட்டிவிடுங்கள். டயரில் மிச்சமிருக்கும் முள்ளை அங்கேயே பார்த்துப் பிடுங்கிவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த நாள் காலை காற்று இறங்கியிருக்கும்.